ஃபைஃப் கடலோர ஊர்களுக்குத் தனி வழிகாட்டியோடு ஒரு நாள்: செலவுக்குத் தகுமா?

நீங்கள் கேட்டது இது: செப்டம்பர் இரண்டாம் வாரம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நான்கு பேர் தங்குகிறீர்கள். நீங்கள், மனைவி, எழுபது தாண்டிய உங்கள் அப்பா அம்மா. அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மா சுத்த சைவம். ஒரு நிறுவனம் காரும் வழிகாட்டியும் சேர்த்து ஒன்பது மணி நேரப் பயணம் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறது: ஃபோர்த் பாலம், கூரஸ், ஈலி, செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், கிரெய்ல், செயின்ட் ஆண்ட்ரூஸ். இவ்வளவு பணம் கொடுக்கலாமா, இல்லை பஸ்ஸிலேயே போய்விடலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்குள்ளே இருக்கிற கேள்வி, நாமே போனால் கிடைக்காத எதை அந்த வழிகாட்டி தரப்போகிறார் என்பதுதான். அதற்கே பதில் சொல்கிறேன். எடின்பரோவுக்கு வடக்கே ஃபைஃப் என்கிற இந்தக் கரையில் பல வருடமாக ஆட்களை அழைத்துப் போகிற வேலை என்னுடையது. வழிகாட்டிப் பயிற்சி எடுத்திருக்கிறேன், ஆனால் வரலாற்று ஆய்வாளன் இல்லை. மேற்குத் தீவுகளைப் பற்றியோ ஹைலேண்ட்ஸ் பற்றியோ கேட்டால் வேறு ஆளைத்தான் கைகாட்டுவேன்.

முதலில் நேரடியான பதில். உங்கள் நால்வருக்குத் தகும், ஆனால் அந்தப் பட்டியலோடு போனால் தகாது. கணக்கைப் பாருங்கள். எடின்பரோவிலிருந்து கூரஸ் முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஈலி ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஈலியிலிருந்து கிரெய்ல் வரை பத்து மைல்தான், ஆனால் ஏ917 என்கிற அந்தச் சாலை ஒவ்வொரு ஊருக்குள்ளும் நெளிந்து போகும், டிராக்டர் முன்னால் வந்தால் அதன் பின்னால்தான் போகவேண்டும். கிரெய்லிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் இன்னொரு பத்து மைல். திரும்பி வர ஒன்றரை மணி நேரம். சாப்பாட்டையும் சேர்த்தால் ஒன்பதில் ஐந்து மணி நேரம் போய்விடும். மிச்ச நாலு மணி நேரத்தை எட்டு இடத்துக்குப் பங்கு வைத்தால் இடத்துக்கு அரை மணி நேரம்தான் வரும். அதிலேயே கார் நிறுத்த இடம் தேடுவது, அப்பா இறங்கி நிமிர்வது, கழிப்பறை எல்லாம் அடக்கம். ஊர்ப் பெயர்கள் மட்டும்தான் மிஞ்சும். கூரஸ் அருமையான ஊர். கடலுக்கு அடியிலேயே நிலக்கரி வெட்டிய ஜார்ஜ் புரூஸின் மஞ்சள் மாளிகை அங்கே இருக்கிறது. ஆனால் அது எதிர்த் திசையில் இருப்பதால் உங்கள் நாளில் கத்தரிக்க வேண்டிய முதல் பெயர் அதுதான்.

இனி வழிகாட்டி எதற்கு என்ற விஷயம். கதை சொல்ல மட்டும் என்றால் புத்தகம் போதும். அவர் சம்பாதிக்கிற இடம், எந்த ஊரில் எந்த நேரத்தில் நிற்பது என்று முடிவு செய்வதில். இந்தச் சிறு துறைமுகங்களின் அழகே தண்ணீரில்தான் இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் கடல் நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், நாம் கவனிப்பதே இல்லை. இந்தக் கரையை ஒட்டிய ஃபோர்த் ஆற்று முகத்துவாரத்தில் பெரிய ஏற்றத்தின்போது அது ஐந்து மீட்டர் வரும். வற்றத்தில் கிரெய்ல் துறைமுகத்துக்குப் போனால் படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும், பாசி நாற்றம் வரும். ஆறு மணி நேரம் கழித்து அதே சுவரின் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். பட அட்டைகளில் பார்க்கிற கிரெய்ல் அந்த இரண்டாவது கிரெய்ல். சேற்றுத் துறைமுகமும் எனக்குப் பிடிக்கும், சுவர் எவ்வளவு ஆழத்திலிருந்து கட்டப்பட்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஆனால் ஒரே ஒரு நாள் வருகிறவருக்கு அதைக் காட்டுவது நியாயமில்லை.

இதற்கு உங்கள் வீட்டு நாள்காட்டியே உதவும். இந்தப் பக்கம் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஏற்றத்தின் உச்சம் பிற்பகல் மூன்று மணியைச் சுற்றி வரும், காலை ஒன்பது மணி வாக்கில் வற்றிக் கிடக்கும். அஷ்டமி ஒட்டிய நாட்களில் ஏறக்குறைய தலைகீழ், ஏற்றமும் அவ்வளவு பெரிதாக இருக்காது. ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஆகவே பௌர்ணமிப் பக்கம் வந்தால் காலையில் நேரே செயின்ட் ஆண்ட்ரூஸ், பிற்பகலில் கிரெய்ல், அப்படியே கரையோரமாகத் திரும்புவது. அஷ்டமிப் பக்கம் என்றால் கிரெய்லில் தொடங்கி செயின்ட் ஆண்ட்ரூஸில் முடிப்பது. சரியான நேரத்துக்கு எடின்பரோவின் துறைமுகமான லீத் அல்லது ஆன்ஸ்ட்ரதருக்கான ஓத அட்டவணை (ஏற்ற வற்ற நேரப் பட்டியல்) பார்த்துக்கொள்ளுங்கள், இணையத்திலேயே கிடைக்கும். உங்கள் தேதியைச் சொல்லி "அன்றைக்கு ஏற்றம் எப்போது, எந்த வரிசையில் போவோம்?" என்று அந்த நிறுவனத்தைக் கேளுங்கள். யோசித்துப் பதில் சொன்னால் நல்ல ஆள். "எங்கள் வரிசை மாறாது" என்று வந்தால், தனிப் பயணத்துக்கான காசை வாங்கிக்கொண்டு கூட்டுப் பயணத்தை விற்கிறார் என்று அர்த்தம்.

வானிலையை யாராலும் உறுதி சொல்ல முடியாது. கிழக்குக் கரையில் ஹார் என்று ஒரு கடல் மூடுபனி உண்டு. எடின்பரோவில் பளிச்சென்று வெயில் அடிக்கும்போது இங்கே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வசந்தத்திலும் கோடை முதல் பாதியிலும்தான் அதிகம், செப்டம்பரில் குறைவு, ஆனாலும் வராது என்று சொல்லமாட்டேன். வந்தால் சில மைல் உள்ளே போனாலே விலகிவிடும். அப்படிப்பட்ட நாளுக்கு ஃபாக்லண்ட் அரண்மனையை நான் கைவசம் வைத்திருப்பேன். 1539இல் ஐந்தாம் ஜேம்ஸ் கட்டிய டென்னிஸ் கூடம் இன்னும் அங்கே நிற்கிறது. இப்படி ஒரு மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

வழியில் கேட்கப்போகும் கதைகளைப் பற்றியும் கொஞ்சம் எச்சரிக்கிறேன். எங்கள் தொழிலில் உறுதியானதும் உறுதியில்லாததும் ஒரே குரலில் வரும். ஃபைஃப் பகுதியை ஒரு ஸ்காட்லாந்து அரசர் 'பிச்சைக்காரன் போர்வை, ஓரத்தில் மட்டும் பொன் சரிகை' என்று சொன்னதாக எல்லா வழிகாட்டியும் சொல்வார்கள். சிலர் ஆறாம் ஜேம்ஸ் என்பார்கள், சிலர் அவருக்கு முந்தைய வேறொரு ஜேம்ஸ் என்பார்கள். யார் சொன்னாலும் அந்தச் சரிகை உண்மை. உப்பு, நிலக்கரி, மீன், தோல், கம்பளி என்று எல்லாம் இந்தச் சின்னத் துறைமுகங்களிலிருந்து ஹாலந்துக்கும் பால்டிக் கரைகளுக்கும் போயின. உள்நாட்டில் சாலை இல்லாத காலத்தில் கடல்தான் நெடுஞ்சாலை. அதேபோல வீடுகளின் சிவப்பு ஓடுகள் எல்லாம் ஹாலந்திலிருந்து கப்பலில் பாரத்துக்காக ஏற்றி வந்தவை என்பார்கள். ஆரம்பத்தில் ஓடுகள் அங்கிருந்து வந்தது சரி. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இங்கே செய்யத் தொடங்கிவிட்டார்கள். இன்று நீங்கள் பார்க்கிற கூரையில் பெரும்பகுதி உள்ளூர்ச் சரக்கு, பிற்காலத்தில் மாற்றியதும் நிறைய.

கிரெய்லில் ஷோர்கேட் என்று ஒரு தெரு துறைமுகத்துக்கு இறங்கும். செங்குத்து, கல் பாவியது, மழை பெய்தால் வழுக்கும். பெரிய பஸ் அதற்குள் நுழையவே முடியாது, மேலேயே இறக்கிவிட்டு நடக்கச் சொல்வார்கள். உங்கள் அப்பாவின் முழங்காலுக்குத் தனிக் கார் உதவப்போவது இங்கேதான். ஓட்டுநர் கீழேவரை கொண்டுபோய் இறக்கிவிட்டு, பிறகு வண்டியை மேலே கொண்டுபோய் நிறுத்தலாம். இறங்கும்போது வீட்டு முகப்புச் சுவர்களின் உச்சியைப் பாருங்கள், கூரைச் சரிவை ஒட்டி இரண்டு பக்கமும் படிக்கட்டு போலக் கல் அடுக்கியிருக்கும். கீழே நண்டுக்கும் லாப்ஸ்டருக்கும் போடுகிற கூண்டுகள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும், கயிற்றில் காய்ந்த பாசியோடு. அலங்காரத்துக்கு வைத்தது இல்லை, மறுநாள் காலை கடலுக்குப் போகிற சாமான்.

மீன்பிடிக் கதையை முழுசாகக் கேட்க ஆன்ஸ்ட்ரதரில் ஸ்காட்டிஷ் ஃபிஷரீஸ் மியூசியம் இருக்கிறது, 1969இல் திறந்தது. ஹெர்ரிங் என்கிற மீன்தான் இந்த ஊர்களை வாழவைத்தது, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது இந்தக் கடலை விட்டே போனதும் ஊர்கள் சுருங்கின. 1902இல் கட்டிய ரீப்பர் என்ற பாய்மரப் படகு அந்த மியூசியத்துடையது. துறைமுகத்தில் கட்டியிருந்தால் பாருங்கள், ஒரு காலத்தில் இதுபோல நூற்றுக்கணக்கான படகுகள் இங்கே நின்றன. மியூசியத்துக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். இங்கிருந்து மே தீவுக்குப் படகு போகும். ஆனால் பஃபின் பறவை பார்க்கலாம் என்று செப்டம்பரில் யாராவது விற்றால் வாங்காதீர்கள். அவை ஆகஸ்ட்டிலேயே கடலுக்குள் போய்விடும்.

பிட்டன்வீம் இன்றும் உண்மையாக வேலை செய்கிற மீன்பிடித் துறைமுகம், அதனால் அதை விடவேண்டாம். அங்கே நடந்த சூனியக்காரி விசாரணையைப் பற்றி வழிகாட்டி எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள், ஆளை எடைபோட நல்ல இடம். 1704இல் கொல்லன் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையன் தனக்குச் சூனியம் வைத்துவிட்டதாகக் குற்றம் சாட்டினான். பல பெண்களைப் பிடித்து அடைத்தார்கள். 1705 ஜனவரியில் ஜேனட் கார்ன்ஃபுட் என்ற பெண்ணை ஊர்க் கூட்டம் கரையில் போட்டு, மேலே கதவை வைத்துக் கல் ஏற்றிக் கொன்றது. அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. இதெல்லாம் ஆவணத்தில் இருக்கிறது. இதைப் பேய்க் கதையாக்கிச் சிரிக்கவைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

செயின்ட் மோனன்ஸில் ஒரே ஒரு விஷயம், பதினான்காம் நூற்றாண்டில் இரண்டாம் டேவிட் மன்னர் கட்டிய தேவாலயம். கடலை ஒட்டியே நிற்கும், உள்ளே விதானத்திலிருந்து ஒரு கப்பல் மாதிரி தொங்கும். இருபது நிமிடம் போதும். ஈலியில் கடற்கரை அழகு, குழந்தைகள் இருந்தால் நிற்கலாம். உங்களுக்குத் தேவையில்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸுக்குக் குறைந்தது இரண்டரை மணி நேரம் கொடுங்கள். பேராலயத்தின் இடிபாடு தட்டையான புல்தரை, அப்பாவால் தாராளமாக நடக்க முடியும். ஸ்காட்லாந்திலேயே மிகப் பெரிய தேவாலயமாக இருந்தது, 1318இல் மன்னர் ராபர்ட் த புரூஸ் முன்னிலையில் அர்ப்பணித்தார்கள். 1559இல் மதச் சீர்திருத்தக்காரர் ஜான் நாக்ஸின் பிரசங்கத்துக்குப் பிறகு கூட்டம் புகுந்து உள்ளே இருந்ததையெல்லாம் நொறுக்கியது உண்மை. ஆனால் கட்டடமே அந்த ஒரு கோபத்தில் விழுந்தது என்று சொல்வது மிகை. கைவிடப்பட்ட கட்டடத்திலிருந்து ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கல் எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். இன்றைய தெருக்களின் சுவர்களிலேயே அந்தக் கற்கள் இருக்கின்றன. கோல்ஃப் ஆர்வம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அன்றைக்கு ஓல்டு கோர்ஸ் என்கிற புகழ்பெற்ற கோல்ஃப் மைதானத்தில் ஆட்டம் கிடையாது, பொதுமக்கள் புல்வெளியில் நடக்கலாம். பிட்டன்வீமின் மீன் வேலையைப் பார்க்கவேண்டுமென்றால் வார நாள்தான் சரி. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

அப்புறம் சவுத் ஸ்ட்ரீட்டில் ஒரு இடத்தைப் பெரும்பாலான வழிகாட்டிகள் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் நிறுத்தச் சொல்லுங்கள். இடிந்த பிளாக்ஃப்ரையர்ஸ் ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய பள்ளிக் கட்டடம், மெட்ராஸ் காலேஜ் கட்டியது. ஆமாம், நம் மெட்ராஸ்தான். இந்த ஊரில் 1753இல் ஒரு முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்த ஆண்ட்ரூ பெல் 1787இல் மெட்ராஸ் போனார். எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்கள் விட்டுப்போன ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஆசிரியர் போதாத நிலையில், தெரிந்த பையனைக் கொண்டு தெரியாத பையனுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஊர் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. பெல் விட்டுப்போன பணத்தில் 1833இல் இந்தப் பள்ளி வந்தது. பள்ளி 2021இல் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது, பெயர் மாறவில்லை.

இதில் எது உறுதி, எது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு உற்சாகம் வந்துவிடும். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதுவதைப் பார்த்தே தன் பள்ளியிலும் மணலைக் கொண்டுவந்ததாக பெல்லே எழுதியிருக்கிறார். அது உறுதி. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதும் உறுதி. ஆனால் அந்தச் சட்டாம்பிள்ளை வழக்கத்தைத்தான் பெல் எடுத்துக்கொண்டார் என்பதில் ஆய்வாளர்கள் ஒருமுகமாக இல்லை. எனக்கு அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. தோன்றுவது வேறு, நிரூபணம் வேறு.

சாப்பாட்டு விஷயத்தில் அம்மாவுக்காக ஒரு கவனம். ஆன்ஸ்ட்ரதர் ஃபிஷ் அண்ட் சிப்ஸுக்குப் பேர் போன ஊர். உருளைக்கிழங்கு சிப்ஸ்தானே, சைவம் என்று நினைத்து வாங்காதீர்கள். இந்தக் கரையில் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், இல்லாவிட்டாலும் மீன் பொரித்த அதே எண்ணெய்தான். எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். பல்கலைக்கழக ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் சைவம் சுலபமாகக் கிடைக்கும், அதனால் மதியச் சாப்பாடு அங்கே அமைகிற வரிசை நல்லது. கிரெய்லில் தொடங்குகிற நாளாக இருந்தால் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு வாருங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. தனிப் பயணத்தில் கட்டணம் பெரும்பாலும் வண்டிக்குத்தான், தலைக்கு இல்லை. நான்கு பேர் என்பதால் உங்களுக்கு லாபம். நுழைவுச் சீட்டும் சாப்பாடும் வழக்கமாகத் தனி. வருகிறவர் ஓட்டுநர் மட்டுமா, பயிற்சி பெற்ற வழிகாட்டியா என்று நேராகக் கேளுங்கள். நீலப் பட்டை என்கிற ப்ளூ பேட்ஜ் இருந்தால் முறையான படிப்பும் தேர்வும் முடித்தவர். அது இல்லாமலும் அருமையான ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் வாடகைக்கு ஆள் ஏற்றுவதற்கான உரிமமும் காப்பீடும் மட்டும் கட்டாயம் இருக்கவேண்டும். முடிந்தால் முன்கூட்டியே போனில் பேசிப் பாருங்கள். இங்குள்ளவர்களின் ஆங்கிலம் உங்கள் பெற்றோருக்குப் பிடிபடுமா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். டிப்ஸ் கட்டாயம் இல்லை, பிடித்திருந்தால் கொடுப்பது வழக்கம்.

நீங்களும் மனைவியும் மட்டும் வருவதாக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். எடின்பரோவிலிருந்து லெவனுக்கு ரயில் 2024 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. லெவனிலிருந்து 95ஆம் எண் பஸ் இந்த ஊர்கள் வழியாகவே செயின்ட் ஆண்ட்ரூஸ் போகும். பிட்டன்வீமில் இறங்கி ஆன்ஸ்ட்ரதர் வரை கரையோரப் பாதையில் நடந்தால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. முழங்கால் வலியோடு பஸ் நிறுத்தத்தில் காற்றில் நிற்பது என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

ஆகவே அந்த நிறுவனத்துக்கு இப்படி எழுதுங்கள்: போகும் வழியில் சவுத் குவீன்ஸ்ஃபெரியில் பதினைந்து நிமிடம், 1890இல் திறந்த அந்தச் சிவப்பு ரயில் பாலத்தைப் பார்க்க. பிறகு கிரெய்ல், பிட்டன்வீம், செயின்ட் ஆண்ட்ரூஸ், நேரம் மிஞ்சினால் ஆன்ஸ்ட்ரதர் மியூசியம். வரிசையை ஏற்றம் பார்த்து அவர்களே முடிவு செய்யட்டும். கூரஸும் ஈலியும் வேண்டாம். கிரெய்லில் அப்பாவைத் துறைமுகம்வரை காரிலேயே இறக்க வேண்டும். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், ஏதாவது இடிக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.